மாடியில் எத்தனை பேர்?

திருவொற்றியூர் பக்கம் 'ஹோம்ஸ்டே' என்றால் சிரிப்பார்கள். ஆனால் மொட்டைமாடியில் ஷீட் போட்ட ரூம் ஒன்று எழுப்பி, எண்ணூர், மணலி கம்பெனிகளுக்கு ஒப்பந்த வேலைக்கு வரும் ஒடிசா, பீகார் பையன்களுக்கு ஒரு மாசம் ரெண்டு மாசம் விடுவது இங்கே சாதாரணம். எங்கள் வீட்டிலும் உண்டு. "நம்ம வீடு, நாம விடறோம், எவன்கிட்ட கேக்கணும்?" என்பது அம்மாவின் சட்டம்.

நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல் கேட்கத்தான் வேண்டும். 30 நாளுக்குக் குறைவாக விடுபவர் பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரரும் கூடவே தங்க வேண்டும், இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது. ஊர்க்காரர்களுக்கு வாடகை வீடு மிஞ்ச வேண்டும் என்ற கவலை அது. நம்மூர் கவலை வேறு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளை சந்தேகத்தில் ஐந்து பேரை போலீஸ் சுட்டுக்கொன்ற பிறகு, வாடகைக்கு இருப்பவர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொன்னார்கள். 'இவன் யார்?' என்பதுதான் கேள்வி. அவன் படுக்கிற ரூமில் ஜன்னல் இருக்கிறதா என்பது அதில் வராது.

அதனால் பட்டியலே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனசு வரவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் குழாயில் அமோனியா கசிந்தபோது, ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ரோட்டுக்கு ஓடினார்கள். அப்படி ஒரு ராத்திரியில், தமிழ் தெரியாமல், ஷிப்ட் முடிந்து அசந்து தூங்குகிறவன் எந்த மாடியில் இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதே பெயர்தான். ஸ்டேஷனில் இருந்தால் சந்தேகம், தீயணைப்பு நிலையத்தில் இருந்தால் அக்கறை.

வீட்டுக்காரர் கீழேயே இருப்பது இதற்கு உதவும். நியூயார்க் சட்டமாக்கியது இங்கே பழக்கமாகவே இருக்கிறது. ஆனால் "நீங்க என்ன ஆளுங்க? கறி சமைப்பீங்களா?" என்று கேட்பவரும் அதே வீட்டுக்காரர்தானே.

ஆகவே அனுமதி விதி வந்தால் அது விருந்தாளியை அல்ல, வீட்டை விசாரிக்கட்டும்: ஜன்னல், தண்ணீர், கக்கூஸ், இறங்க வழி. வாடகை ஏறும், பையன்கள் இதைவிட மோசமான கொட்டகைக்குப் போவார்கள் என்பது நியாயமான பயம். ஆனால் அந்தச் செலவை அம்மாவும் அவர்களும் மட்டும் ஏன் பங்கு போட வேண்டும்? வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தகுந்த தங்குமிடம் தருவது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979 சட்டத்திலேயே எழுதியிருந்தது.