பிடித்ததன் வண்ணம்

மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலை பூட்டி அனுப்பிய ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய வேறொன்றைப் பூட்டிக்கொள்வது தத்துவ விசாரத்துக்குரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையிலுள்ள மங்கலம்பேட்டையில், மாலை வேளையில் கடைத்தெருவோரம் சற்று நின்று பார்ப்பவருக்கு அந்தச் சந்தேகம் நெடுநேரம் நிலைக்காது. பின்னால் காய்கறி மூட்டையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து போகும் வியாபாரியின் வண்டியில் உயர்ந்து அகன்ற ஹேண்டில்பார். அவரைக் கடந்து சீறும் இளைஞனின் வண்டியிலோ, நெஞ்சு பெட்ரோல் டாங்கின் மேல் கவியுமளவுக்குத் தாழ்ந்த நேர்த்தண்டு. இரண்டும் ஒரே கம்பெனியில் ஒரே மாதிரியாகப் பிறந்த வண்டிகளாக இருக்கக்கூடும். ஆயினும் முன்னவர் சாலையின் இருபுறத்தையும் பார்த்துக்கொண்டு போகிறார். பின்னவனுக்கு எதிரே நேராகத் தெரிவதே உலகம். ஒரு குழாயின் வளைவு மனிதனையே மாற்றுகிறதா, அல்லது உள்ளிருப்பவன் மாறாதிருக்கத் தோரணை மட்டும் மாறுகிறதா என்பதே நம் வினா.

நமது தத்துவ நூல்களுக்கு வாகனம் புதிய உதாரணமன்று. மிலிந்தன் என்று பாலி நூல் அழைக்கும் கிரேக்க அரசன் மெனாந்தர், தான் தேரேறி வந்ததாகச் சொன்னபோது, நாகசேனர் என்னும் பௌத்த பிக்ஷு, ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, உறுப்புகளின் சேர்க்கைக்கு உலகம் இட்ட வழக்குப் பெயரே தேர் என்பதை அரசன் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்து, மனிதனும் அத்தகையவனே என்று நிறுவினார். 1955இல் சென்னையில் தோன்றிய என்பீல்டு நிறுவனம், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டத் தொடங்கி, பின்னர் எல்லாவற்றையும் இங்கேயே செய்து, அந்த ஆங்கிலத் தாய்நிறுவனம் மறைந்த பிறகும் அதே பெயரில் புல்லட்டை விற்றுக்கொண்டிருப்பதைக் கண்டால் நாகசேனர் புன்னகை புரிந்திருப்பார். அரசாங்கமோ இத்தகைய விசாரங்களில் இறங்குவதில்லை. சேசிஸிலும் என்ஜினிலும் குத்திய எண்களே அதற்கு வண்டியின் ஆன்மா. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்பை மாற்றுவதற்கில்லை என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆகவே எதை வாங்குமுன்னும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது விவேகம்.

கடோபநிஷதம் தேரைப் பார்ப்பது வேறு விதம். உடல் தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், இந்திரியங்கள் குதிரைகள். ஆன்மாவோ இவற்றுள் எதுவுமாகாமல் உள்ளே அமர்ந்திருக்கும் தலைவன். இந்தக் கணக்கில் ஹேண்டில்பாருக்குரிய ஸ்தானம் கடிவாளத்தினுடையது. அதை மாற்றினால் தலைவனுக்கு ஒன்றும் நேர்வதில்லை. சாந்தோக்யத்தில் உத்தாலகர் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்வதும் இதற்குத் துணையாகும்: மண்ணை அறிந்தால் மண்ணாலான யாவும் அறியப்பட்டனவே, குடம், சட்டி என்பவை நாவளவில் நிற்கும் நாமங்கள், மண் ஒன்றே சத்தியம்.

உத்தாலகரை விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்கு அழைத்துச் சென்றால் அவர் தம் கருத்தை எவ்வளவு தூரம் வற்புறுத்துவார் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. அங்கே ஒரே களிமண் பியூஸ் கட்டையாகவும் ஆகிறது, கொலுப் பொம்மையாகவும் ஆகிறது. மூலம் ஒன்றென்பதற்காகப் பியூஸ் கட்டை இருக்கவேண்டிய இடத்தில் பொம்மையை மாட்டி வெளிச்சம் பெற்றவர் எவருமில்லை. அதுவுமன்றி, 1,000 டிகிரிக்கு மேல் வெந்த மண் மறுபடி குழையாது. உருவம் என்பது பொருளின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மாத்திரமன்று. அது பொருளின் வினையை நிர்ணயிக்கிறது.

ஹேண்டில்பார் விஷயத்தில் இதைப் பட்டறையிலேயே பிரத்தியட்சமாகக் காணலாம். பெரும்பாலான வண்டிகளில் அது 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுக் குழாய்தான். மெக்கானிக் கிரிப்புகளை உருவி, சுவிட்ச் பெட்டிகளையும் லீவர்களையும் கழற்றி, டிஸ்க் பிரேக் உள்ள வண்டியானால் ஆயில் டப்பா சாயாதபடி ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, கிளாம்ப் போல்ட்டுகளை அவிழ்த்துப் பழையதை எடுத்துப் புதியதை வைக்கிறார். சிக்கல் அதன் பிறகே ஆரம்பமாகிறது. சுவிட்ச் பெட்டியின் உட்புறத்திலுள்ள சிறு முளை பழைய குழாயின் துளையில் உட்கார்ந்திருந்தது. கடையில் வாங்கியதில் அந்தத் துளை இருப்பதில்லை. பொறுமையுள்ளவர் அளந்து துளை போடுகிறார். அவசரக்காரர் முளையை வெட்டிவிடுகிறார், பெட்டி நாளடைவில் கையோடு சேர்ந்து சுழலத் தொடங்குகிறது. குழாய் உயரமானதாயின் கேபிள்கள் எட்டுவதில்லை; என்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை ஒரு கோடிக்குத் திருப்பும்போது, எவரும் ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி உறுமினால், கேபிள் இழுபடுகிறது என்பது அர்த்தம். கடிவாளத்தை மாற்றியவனுக்குக் குதிரை தரும் முதல் எச்சரிக்கை அது.

ஆனால் என் கவனத்தைக் கவர்வது வண்டியில் நேரும் மாறுதலைக் காட்டிலும் உள்ளங்கையில் நேரும் மாறுதலே. வேகமாகச் செல்லும் மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் வளைக்க வேண்டுமானால், இடக்கைப் பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலமாகத் திரும்ப, வண்டி இடமாகச் சாய்கிறது. நாள்தோறும் இதைச் செய்பவர்களிடம் சொன்னால் பெரும்பாலோர் நம்பமாட்டார்கள்; புத்தி அறியாத இந்த வித்தையைக் கை அறிந்து வைத்திருக்கிறது. அகன்ற ஹேண்டில்பாரில் சிறிது தள்ளினாலே வண்டி சாய்கிறது. குறுகியதில் அதிகம் தள்ள வேண்டும். எனவே புதியது பூட்டிய ஆரம்பத்தில் ஓட்டுபவருக்குத் தம் கையே அந்நியமாகத் தோன்றும்; பின்னர் எப்பொழுது என்று தெரியாமலே அந்த அந்நியம் கரைந்து, பழைய பிடியுள்ள வண்டியில் ஏறினால் அதுதான் அந்நியமாகிவிடும். உள்ளே அமர்ந்த தலைவன் மாறவேயில்லை என்றால், கூசியவர் யார், பழகியவர் யார்?

இதற்கு விடை தேட நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. விருத்தாசலத்துக்குத் தென்மேற்கே பெண்ணாகடத்தில் அவதரித்து, உளுந்தூர்ப்பேட்டைக்கு வடக்கே திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்தவர் என்று சைவ மரபு போற்றும் மெய்கண்டார், 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களாலான சிவஞானபோதத்தை அருளினார். அவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவழியில் இருப்பதே நம் மங்கலம்பேட்டை. ஆன்மா ஒன்று உண்டென்று, அந்நூல் கூறும் சைவ சித்தாந்தம் நாகசேனரை மறுக்கிறது. அது எதிலும் தோயாமல் தனித்து நிற்பது என்பதையும் ஏற்பதில்லை. தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே நின்று அறிவது உயிரின் இயல்பு. அருகில் வைத்த பொருளின் நிறத்தைப் பளிங்கு காட்டுவது போல. நிமிர்ந்த பிடியைச் சார்ந்த உயிர் நிமிர்ந்தே உலகைக் காண்கிறது. தாழ்ந்ததைச் சார்ந்தது தாழ்ந்து பாய்கிறது. பளிங்கு பளிங்காகவே இருக்கிறது, ஆயினும் நிறம் பொய்யன்று. மூன்று கட்சிகளுள் பட்டறை அனுபவத்தோடு ஒத்துப்போவது இதுவே என்பது என் துணிபு.

முதுகுவலிக்காகவோ, கை நீளத்துக்காகவோ, வெறும் அழகுக்காகவோ எவர் எதைப் பூட்டிக்கொண்டாலும் அது அவரவர் விருப்பம். அழகுக்காகப் பூட்டுவதை ஏளனம் செய்பவர்கள் கோயில் தேரின் அலங்காரத்தையும் ஏளனம் செய்ய நேரும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். புதிய பிடியின் வண்ணம் உங்கள் கைக்கு ஏறியிருக்கிறதேயன்றி, வண்டியை இரவல் கேட்டு வரும் மைத்துனருக்கும் பங்காளிக்கும் ஏறியிருக்கவில்லை. சாவியைக் கொடுக்கும்போதே ஹேண்டில்பார் மாற்றியிருப்பதைச் சொல்லி, முதலில் தெருவுக்குள் ஓட்டிப் பார்த்த பின்பே உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் ஏறும்படி அவர்களை வற்புறுத்துங்கள்.