வளைய வேண்டிய இடமும் நிமிர வேண்டிய இடமும்

வளர்ந்த மரத்தைப் பெயர்த்து வேறோர் இடத்தில் நடுபவர், முதலில் அதன் கிளைகளைத் தறித்துவிடுவார். வேரைப் பற்றியிருக்கும் தாய்மண்ணை மட்டும் உதிராமல் சாக்குக் கட்டிக் காப்பார். கிளைகள் மீண்டும் துளிர்க்கும். வேர்மண் உதிர்ந்தால் மரம் பிழைப்பது அரிது. ஊர் விட்டு ஊர் செல்லும் மனிதருக்கும் இது பொருந்தும். எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்னும் கேள்வி, புதிய ஊரில் வாழ்வைத் தொடங்கும் ஒவ்வொருவர் முன்னும் வந்து நிற்கிறது. பிறருக்கு வழிகாட்டும் பணியில் இருப்பவருக்கு அது இன்னும் கூர்மையாக வருகிறது.

ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்ளலாம். தெற்கே ஒரு சிறு நகரில் பதினான்கு ஆண்டுகள் நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தவர். கடைத்தெருவில் நடந்தால் 'வணக்கம் டீச்சர்' என்று நாலு பேராவது கைகூப்புவார்கள். கணவருக்குத் தில்லிக்கு மாற்றல் வருகிறது, குடும்பம் இடம்பெயர்கிறது. தலைநகரில் அவரை அறிந்தவர் எவருமில்லை. பட்டம், பி.எட்., பணி அனுபவம் ஆகியவற்றின் சான்றிதழ்கள் அடங்கிய ஒரு கோப்புதான் இப்போது அவருடைய அடையாளம். அதை ஏந்திக்கொண்டு அவர் பள்ளி பள்ளியாகச் செல்கிறார்.

மதிப்பும் தகுதியும்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க, ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தது. மாநிலங்கள் தத்தமக்கென ஒரு தேர்வை நடத்துகின்றன. மத்திய அரசின் பள்ளிகளுக்கும் தில்லிக்கும், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் நடத்தும் மத்தியத் தகுதித் தேர்வு உரியது. சொந்த மாநிலத் தேர்வில் என்றோ தேறிய நம் ஆசிரியை, நூற்றைம்பது நிமிடங்களில் நூற்றைம்பது வினாக்கள் கொண்ட இன்னொரு தேர்வை எழுத வேண்டும். அதில் தேறினாலும் அது தகுதி மட்டுமே, வேலை அன்று. அரசுப் பள்ளியில் நிரந்தரப் பணிக்குத் தேர்வாணையத்தின் அறிவிப்புக்குக் காத்திருந்து மீண்டும் தேர்வெழுத வேண்டும். அதுவரை கிடைக்கக்கூடியது, வேலை செய்த நாளுக்கு மட்டும் ஊதியம் பெறும் 'விருந்தினர் ஆசிரியர்' பணி.

"பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்த நான், இருபத்திரண்டு வயதுப் பெண்களோடு அமர்ந்து தேர்வு எழுதுவதா?" என்று மனம் குமுறுகிறது. இந்தக் குமுறலை உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவருக்கிருந்த மதிப்பு, பழைய ஊர் அன்புடன் கொடுத்தது. அதை அந்த ஊரிலேயே விட்டுவர வேண்டியதுதான். கணக்கைக் குழந்தையின் மனத்தில் பதிய வைக்கும் திறனோ அவர் உழைத்துப் பெற்றது. அது எங்கும் உடன்வரும். தேர்வு கேட்பது 'உனக்கு என்ன தெரியும்?' என்பதை மட்டுமே. அறிவு அக்கேள்வியைக் கண்டு வருந்துவதில்லை. வருந்துவது அகந்தை.

லண்டனை அடுத்த விம்பிள்டனில் பள்ளி நடத்திப் பெயர் பெற்றிருந்த மார்கரெட் நோபிள், 1898-இல் கல்கத்தாவுக்கு வந்து சகோதரி நிவேதிதை ஆனார். அங்கிருந்த புகழ் பாக்பஜார் சந்துகளில் செல்லவில்லை. பெண்களைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய வீடுகளின் வாயிலில் நின்று பிள்ளைகளைக் கேட்டார். வங்க மொழி பயின்றார். அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கிய பள்ளியை, பணமின்றி அடுத்த ஆண்டே நிறுத்த நேர்ந்தது. நிதி திரட்டி வந்து மீண்டும் நடத்தினார். கற்பிக்க வந்தவர் கற்றுக்கொள்ளவும் இசைந்தார் என்பதே அவருடைய ஆசிரியத் தன்மைக்குச் சான்று. இத்தகைய வளைதல் இழிவன்று, அது பணிவு.

கையொப்பத்தின் விலை

ஆயினும் எல்லா வளைதலும் பணிவாகிவிடுமா?

நம் ஆசிரியைக்கு ஒரு தனியார் பள்ளியில் அழைப்பு வருகிறது. மாதிரி வகுப்பு எடுக்கிறார், எல்லோருக்கும் நிறைவு. பிறகு கணக்கர் அறையில் மெல்லிய குரலில் ஒரு நிபந்தனை சொல்லப்படுகிறது. முழு ஊதியம் வங்கியில் வந்துவிடும். அதில் மூன்றில் ஒரு பங்கை மாதந்தோறும் ரொக்கமாகத் திருப்பித் தர வேண்டும். பதிவேட்டில் முழுத் தொகைக்கும் கையொப்பமிட வேண்டும். அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஆசிரியரின் ஊதியம், அதே நிலையிலுள்ள அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதியத்திற்குக் குறையலாகாது என்பது 1973-ஆம் ஆண்டின் தில்லி பள்ளிக் கல்விச் சட்டம். அந்தச் சட்டத்தை ஏமாற்றவே இந்தக் கையொப்பம்.

"இங்கே பலரும் இப்படித்தான் சேர்ந்திருக்கிறோம், அக்கா. பிள்ளைகளுக்கு நல்லது செய்யக் கிடைத்த வாய்ப்பை ஒரு கையெழுத்துக்காக விடலாமா? குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவரே இடம் தந்திருக்கிறாரே!" என்கிறார் அங்கே பணிபுரியும் இளம் ஆசிரியை.

எளிதில் ஒதுக்கத்தக்க வாதம் அன்று இது. ஆனால் வள்ளுவர் விதித்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்: விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். இங்கே விளைவது என்ன? உழைப்பவரின் ஊதியம் குறைகிறது. மறுத்துப் பேசும் அடுத்த ஆசிரியரிடம், 'எல்லோரும் ஒப்புக்கொண்டதுதானே' என்று காட்ட இன்னொரு கையொப்பம் சேர்கிறது. பொய்யின் பயன் நிர்வாகத்தைச் சேர்கிறது. பழுது ஆசிரியச் சமூகத்தைச் சேர்கிறது. இதைக் குற்றமற்ற நன்மை என்று கொள்ள இயலாது.

இன்னொன்றும் உண்டு. கணிதம் கற்பிப்பவர், எழுதிய எண்ணும் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைத்தான் நாள்தோறும் கற்பிக்கிறார். பதிவேட்டில் அதற்கு மாறாக எழுதிவிட்டு வகுப்பறைக்குள் நுழையும்போது, குழந்தைகளுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. அவருக்குத் தெரியும். அதுவே போதும், சொல்லின் வலிமை குறைய.

மறுக்க முடிந்தவரின் கடமை

அப்படியானால் கையொப்பமிட்டவர்கள் எல்லோரும் அறம் தவறியவர்களா? இவ்வாறு தீர்ப்புச் சொல்ல அவசரப்படுவதும் ஒருவகை அகந்தையே. கணவரை இழந்து, அந்த ஊதியத்தை மட்டும் நம்பி இரு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய் அதே பதிவேட்டில் ஒப்பமிட்டிருக்கக் கூடும். கேட்பவரின் குற்றமும், வேறு வழியின்றி இசைபவரின் குற்றமும் ஒரே எடை உடையவை அல்ல.

ஆனால் நம் ஆசிரியையின் வீட்டில் கணவரின் சம்பளம் உண்டு. சிக்கனமாகச் செலவிட்டால் ஓராண்டு தாங்கும். மறுக்கும் வசதி அவருக்கு இருக்கிறது. வசதி இருப்பதால் மறுப்பில் பெருமை இல்லை. ஆனால் கடமை இருக்கிறது. மறுக்க இயலாதவர்களுக்காகவும் சேர்த்து, மறுக்க முடிந்தவரே மறுக்க வேண்டும். அவரும் ஒப்பமிட்டால், அந்தத் தாய்க்கு வழி என்றும் திறக்காது.

அவர் நன்றி கூறி விடைபெறுகிறார். மத்தியத் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறார். மாலையில் மகனின் இந்திப் பாடநூலை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். தேர்ச்சி பெற்று, பல மாதங்களுக்குப் பின் ஓர் அரசுப் பள்ளியில் விருந்தினர் ஆசிரியராகச் சேர்கிறார். விடுமுறை நாட்களுக்கு ஊதியமில்லை. நிரந்தர ஆசிரியர் வந்தால் இடத்தைவிட்டு விலக வேண்டும். இதை அறம் தந்த பரிசு என்று சொல்லிவிட முடியாது. அறம் பரிசு தருவதாக வாக்களிக்கவும் இல்லை.

முதல் வாரம் கரும்பலகையில் ஒரு கணக்கை விளக்கும்போது அவருடைய இந்தியில் பிழை நேர்கிறது. முன்வரிசைச் சிறுவன் எழுந்து திருத்துகிறான். வகுப்பு சிரிக்கிறது, அவரும் சிரித்து, அவன் சொன்னபடியே திருத்திச் சொல்கிறார். பின்னர் கணக்கின் விடையை எழுதுகிறார். அதை ஐயமின்றி நாற்பது குழந்தைகளும் தங்கள் ஏட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

மொழியில் அவர் வளைந்தார். கணக்கில் நிமிர்ந்து நின்றார். தன்னைப் பற்றிய மதிப்பீட்டில் எவ்வளவு வளைந்தாலும் மனிதர் சிறுத்துவிடுவதில்லை. உண்மையில் சிறிது வளைந்தாலும், குழந்தைகள் அவர்மீது வைத்திருக்கும் நம்பிக்கைக்கு அவர் உரியவராவதில்லை. கிளைகள் போகட்டும், வேர்மண் உதிராமல் இருக்கட்டும்.