போதும் என்னும் பெயர்

ஒருவர் கேளாமலே பிறப்போடு அவருக்குக் கிடைப்பன இரண்டு. ஒன்று உடல், மற்றொன்று பெயர். உடலின் குறைக்கு எவரையும் நொந்துகொள்ள இயலாது. பெயரோ பெற்றோர் ஆராய்ந்து இடுவது. ஆதலின் அதன் நன்மை தீமைக்கு அவர்களே பொறுப்பாளர் ஆகின்றனர். பெண்மகவுக்குப் பெயரிடுங்கால் அப்பொறுப்பு எத்தகையது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தம் வீட்டுக் குறை தமக்குத் தோன்றுவது அரிது. ஆதலின், நமக்கு நெடுந்தொலைவிலுள்ள ஸ்லாவிய மக்களின் வழக்கத்தை முதற்கண் நோக்குவோம். ருஷ்யர், உக்ரேனியர், போலந்தியர், செர்பியர், பல்கேரியர் முதலியோர் இவ்வினத்தார். இவர்தம் பெண்பெயர்களுட் பல பொருளால் நமக்கு அயலானவை அல்ல. ஸ்வெத்லானா என்பது ஒளியைக் குறிப்பது. சோரா என்பது வைகறை. லியுத்மிலா மக்களுக்கு இனியவள். பொக்தானா கடவுள் தந்தவள். ஸ்லாத்தா என்பது பொன். நம் பொன்னம்மாளும் தங்கம்மாளும் அவளுக்கு உடன்பிறந்தார் போல்வர். ருஷ்யர் வழங்கும் வேரா, நதேஷ்தா, லியுபோவ் என்னும் மூன்றும் முறையே விசுவாசம், நம்பிக்கை, அன்பு எனப் பொருள்படும். இவை கிரேக்கப் பெயர்களைத் தம் மொழியிற் பெயர்த்து அவர்கள் ஆக்கிக்கொண்டவை. பிள்ளையை அழைக்கும் சொல் தமக்கு விளங்க வேண்டும் என்னும் கருத்து அதில் உளது.

இனிய பொருளுடைய பெயர்களோடு இழிந்த பொருளுடையனவும் அவர்களிடம் உண்டு. செர்பிய மொழியைச் சீர்திருத்திய அறிஞர் ஒருவர் 1787-ஆம் ஆண்டு பிறந்தார். அவருக்கு முன் பிறந்த மக்கள் இறந்துபட்டமையால், பெற்றோர் இவருக்கு 'வூக்', அதாவது ஓநாய், என்று பெயரிட்டனர். ஓநாயைச் சூனியக்காரிகள் அணுகார் என்பது அந்நாட்டு நம்பிக்கை. அவரே வூக் கராஜிச். நம் நாட்டிலும் பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்த மகவைக் குப்பையிற் புரட்டிக் குப்பம்மாள் என்றும், பிச்சையம்மாள் என்றும் அழைத்தனர். இது மூடநம்பிக்கையே, ஐயமில்லை. எனினும் அம்மூடத்தனத்தின் அடியில் இருப்பது இக்குழந்தையேனும் பிழைக்க வேண்டுமே என்னும் அன்பு. ஆதலின் அப்பெயரை நாம் திருத்தலாம். இட்டவர்களைப் பழித்தல் ஆகாது.

ஆனால் மூன்றாவது வகை ஒன்று உண்டு. தென் ஸ்லாவியரிடை 'தோஸ்தா' என்றொரு பெண்பெயர் வழங்கியது. அதன் பொருள் 'போதும்'. 'ஸ்தானா' என்பதையும், பெண் பிறப்பு இத்துடன் நிற்கட்டும் என்னும் வேண்டுதலோடு இட்டனர். இவற்றைப் படிக்குந்தோறும் தமிழர் திடுக்கிடுதல் வேண்டும். போதும்பொண்ணு என்பதும் வேண்டாம் என்பதும் நம் சிற்றூர்களில் மகளிர் சுமந்த பெயர்களல்லவா? மராட்டியத்தில் 'நகுஷா' என்பது வேண்டாதவள் எனப் பொருள்படும். 2011-ஆம் ஆண்டு சத்தாரா மாவட்டத்தில் அப்பெயர் பூண்ட 285 பெண்கள் ஒரே விழாவில் புதுப்பெயர் பெற்றனர். கடல் பல கடந்த மக்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கொடுமையைக் கண்டுபிடித்துள்ளனர்.

இப்பெயரின் தீமை யாது? குப்பம்மாள் என்று அழைப்பவள் தன் மகளை எண்ணி அழைக்கின்றாள். போதும்பொண்ணு என்று அழைக்குங்கால், திரும்பிப் பார்ப்பவள் மகள். ஆயின் அச்சொல் பேசுவதோ பிறவாத மகனோடு. தன் பெயரிலேயே தனக்கு இடமில்லாதவளாக ஒரு பெண் வளர்கின்றாள்.

"பழகிய பெயருக்குப் பொருள் ஏது?" என்பர் சிலர். அழைப்போர்க்குப் பழகிவிடும்; மெய்யே. சுமப்பவளுக்கோ, எழுத்துக் கற்றுப் பொருள் உணரும் நாள் ஒன்று வருகின்றது. பழகியமையாலேயே பொருள் இறந்துபடுமாயின், சத்தாராவில் அத்தனை பேர் புதுப்பெயர் பூண வந்திரார்.

இனி நம் நெகிரி செம்பிலானை நோக்குவோம். சிரம்பான், போர்ட்டிக்சன், லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், ஆண்பிள்ளை வேட்கையையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு கப்பலேறினர். ஊரில் அவ்வேட்கைக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன? நிலத்தை ஆள மகன் வேண்டும். மகள் பிறர் வீட்டுக்குப் போகின்றவள். தோட்டத்திலோ நிலம் துரையுடையது; லயத்து வீடும் துரையுடையது. மகனுக்கு வைத்துப்போக ஒரு பிடி மண் இல்லை. காரணத்தை ஊரிலே விட்டுவிட்டுக் காரியத்தை மட்டும் சுமந்து வந்தோம்!

தோட்டத்தில் பெண் உழையாமல் இருந்தாளோ? விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆண்களோடு நின்றாள், பால்மரம் வெட்டினாள், வாளி சுமந்தாள். 1920-களின் இறுதியில் வகுக்கப்பட்ட கூலி, வசதியான வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பத்துக் காசு குறைத்தது நிருவாகம். பெயரிலேயே குறைத்தவர் நாம். போதும் என்று பெயர் பெற்ற ஒருத்தியைக் கிராணி நாள்தோறும் அப்பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். அவளும் 'இருக்கேன்' என்று விடை சொல்லிப் பிழைப்புக்குச் சென்றிருப்பாள்.

இத்துணைக்கும் தோட்டத்து வேலிக்கு அப்பால் நாம் கண்டதென்ன? ரெம்பாவிலும் கோலாப்பிலாவிலும் வாழும் மலாய்க்காரர் அடாட் பெர்ப்பாத்தே என்னும் தாய்வழி முறையினர். அங்கே குலம் தாய்வழி வருவது. பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது. 1909-ஆம் ஆண்டின் வழக்காற்று நிலவுரிமைச் சட்டம் இதனை ஏற்றுக்கொண்டது. மகள் பிறவாவிடில் கவலையுறும் குடும்பங்களின் அயலிலேயே நாம் மகளுக்குப் போதும் என்றோம். பெண் சுமை என்பது உலக நியதியாயின், ஒரு வேலியின் இருபுறமும் இரு நியதிகள் எங்ஙனம் நிலவும்?

சீர்திருத்தம் விழைவோர்க்கும் ஒரு சொல். புரட்சிக்குப் பிற்பட்ட ருஷ்யாவில் லெனின் பெயரைத் தலைகீழாக்கி 'நினெல்' என்றும், அக்டோபர்ப் புரட்சியை நினைந்து 'ஒக்தியாப்ரினா' என்றும் பெண்களுக்குப் பெயரிட்டனர். தமிழ்நாட்டிலும் ரஷ்யா, மாஸ்கோ எனப் பெயர் பெற்ற மக்கள் உளர். வெறுப்பினும் கொள்கை நூறு மடங்கு மேலானதே. எனினும் மகளைத் தம் கட்சியின் கொடிக்கம்பமாக்குவோர் ஒன்று சிந்திக்க வேண்டும்: நாளை அவள் வேறு கருத்துக் கொண்டாலும் அப்பெயர் அவளுக்கு நன்றாயிருக்குமா?

ஆகவே, பெயரிடுவோர்க்கு நாம் கூறும் அளவுகோல் எளியது. "எனக்கு ஏன் இப்பெயர் இட்டீர்கள்?" என்று மகள் ஒருநாள் கேட்பாளாயின், அவள் முகத்தை நேரே நோக்கி உண்மையைச் சொல்ல முடிதல் வேண்டும். முடியாதாயின் அப்பெயர் ஆகாது.

முன்னரே அத்தகைய பெயரைத் தாங்கி வாழும் மூதாட்டியரைக் கண்டு எவரும் நகைத்தல் கூடாது. அப்பெயரோடு அவர்கள் குடும்பம் தாங்கினர். மக்களைப் படிக்க வைத்தனர். வெட்கம் இட்டவர்க்கே உரியது. மாற்ற விழைவோர்க்கு மக்கள் துணை நிற்க வேண்டும். வேண்டாமென்போர் அப்பெயரோடே மதிக்கப்பட வேண்டும்.

இந்நாட்டுப் பத்திரங்களில் நம் பெண்களின் பெயரையடுத்து, மகள் எனப் பொருள்படும் 'அனாக் பெரெம்புவான்' என்னும் தொடரும், அதன்பின் தந்தை பெயரும் வருதல் வழக்கம். மகளுக்கு இடும் பெயரின் அருகில் தந்தையின் பெயர் வாழ்நாள் முழுதும் கையொப்பம்போல் நிற்கின்றது. பதிவகத்துக்குச் செல்லும் தந்தையர் இதனை நினைவிற் கொள்வாராக.