முதலில் மேலே, பிறகு கேள்வி

1997 ஆகஸ்ட் 6, அதிகாலை 1.42. குவாம் தீவில் மழை. தரையிறங்க வந்துகொண்டிருந்தது கொரியன் ஏர் 801 விமானம். எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று விமானிக்குக் காட்டும் 'கிளைடு ஸ்லோப்' அன்று இயங்கவில்லை. அந்தத் தகவல் விமானிகளுக்கு முன்பே தரப்பட்டிருந்தது. ஆனாலும், அது வேலை செய்கிறதா இல்லையா என்ற பேச்சு விமானி அறையில் திரும்பத் திரும்ப எழுந்தது. பேச்சு முடியவில்லை, விமானம் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

ஓடுபாதை கண்ணில் படவில்லை. மறுபடி மேலே போய்விடலாம் என்று துணை விமானி சொன்னபோது மிச்சமிருந்தவை சில நொடிகளே. ஓடுபாதைக்குச் சுமார் 6 கிலோமீட்டர் முன்னால், நிமிட்ஸ் குன்றில் விமானம் மோதியது. அதில் இருந்த 254 பேரில் 228 பேர் மாண்டனர்.

சந்தேகம் வருவது தவறல்ல. அதைத் தீர்க்காமல் கீழே இறங்குவதுதான் தவறு. 'நான் இப்போது எங்கே இருக்கிறேன்?' என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையா? முதலில் மேலே ஏறுங்கள். உயரம் இருக்கும்வரைதான் யோசிக்க நேரம் இருக்கும்.