இராகுலனுக்குக் காட்டிய கண்ணாடி



திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியைச் சார்ந்து வாழும் தமிழ்ப் பௌத்தர் இல்லத்தில், வளர்ந்த மகன் மலையாளத்தில் மறுமொழி கூறி, வந்தனைக்கு வர மறுப்பானாயின் பெற்றோர் யாது செய்வது?

மஜ்ஜிம நிகாயத்தின் 61-ஆம் சூத்திரத்தில், சிறுவனாகிய இராகுலனுக்குப் பகவான் கண்ணாடியை உவமை காட்டினார். செய்யுமுன்னும், செய்யுங்காலும், செய்தபின்னும், அச்செயல் தனக்கோ பிறர்க்கோ துன்பந் தருமாவென அவனே ஆராயப் பணித்தார். 62-ஆம் சூத்திரத்தை அவனது 18-ஆம் அகவையில் அருளினாரென்பது உரை மரபு. அங்கே, எதனையும் வெறாத நிலம்போல் உள்ளத்தைப் பண்படுத்தக் கற்பித்தார். மகன் வளர, தந்தையின் போதனையும் வளர்ந்தது.

நாமும் தந்தையர் வழியை விடுத்து, ஆராய்ந்தே தம்மம் ஏற்றோம். அவ்வுரிமையை நம் மக்களுக்கு மறுத்தல் முறையாகுமோ? கட்டளையைக் குறைத்து அக்கண்ணாடியை அவர் கையிற் கொடுப்போம். அவர் சினந்துரைக்குங்கால் நாம் நிலமாயிருப்போம்.

எல்லா உயிர்களும் இன்புறுக!