இரண்டு பேர் பேசுவதைக் கேட்டு

விளக்கணைத்து எல்லோரும் போன பிறகு, அப்போது பழகிக்கொண்டிருக்கும் சொல்லைத் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது அலெக்ஸின் வழக்கம். முழுச் சொல் வராது. ஓர் அசை வரும், அடுத்தது நழுவும். தெரிந்த சொல் ஒன்றின் வால் புதுச் சொல்லின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் இந்தத் தனிப் பேச்சைப் பதிவுசெய்து 1991இல் ஓர் ஆய்வாக வெளியிட்டார். தூக்கம் வருவதற்கு முன் தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளும் இப்படித்தான் தமக்குள் பேசிப் பழகுகின்றன.

கேட்க ஆளில்லை. தீனி கிடைக்காது, பாராட்டும் கிடைக்காது. அப்படியிருந்தும் ஒரு பறவை ஏன் சொல்லிப் பார்க்கிறது? பேசும் கிளிகளைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன்.

*

1977 ஜூன் மாதம் சிகாகோ அருகே ஒரு கடையில் வாங்கிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அலெக்ஸ். அப்போது அதற்கு ஒரு வயது இருக்கும். எந்தக் கிளி வேண்டும் என்று பெப்பர்பெர்க் சொல்லவில்லை. கடைக்காரரையே ஒன்றைப் பிடித்துத் தரச் சொன்னார். கெட்டிக்காரக் கிளியாகப் பார்த்துப் பொறுக்கினார் என்ற பேச்சு பின்னால் எழக்கூடாது என்பது அவர் எண்ணம். ஹார்வர்டில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், அந்தத் துறையை விட்டுவிட்டு ஒரு பறவையோடு அடுத்த முப்பது ஆண்டுகளைக் கழித்தார்.

அவர் கையாண்ட கற்பிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைத்துக்கொள்ள விரும்புகிறேன். அன்றைக்கு ஆய்வுக்கூடங்களில் பறவைகளைப் பழக்கிய வழி வேறு. பறவையைப் பசியோடு பெட்டியில் தனியே வைப்பார்கள். சரியாகச் செய்தால் ஒரு வாய்த் தீனி. பெப்பர்பெர்க் எடுத்துக்கொண்டது ஜெர்மானிய ஆய்வாளர் டீட்மர் டோட் தொடங்கிவைத்த முறை. அதில் கிளிக்கு நேரடியாகப் பாடம் கிடையாது. கிளி பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஒருவர் தக்கையைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்பார். மற்றவர் சரியாகச் சொன்னால் தக்கை அவர் கைக்குப் போகும். தவறாகச் சொன்னால் கேட்டவர் கடிந்துகொள்வார், தக்கையும் மறைந்துவிடும். பதில் சொல்பவர் கிளிக்கு முன்மாதிரி. கேட்பவரின் கவனத்தைத் தட்டிப் பறிக்கும் போட்டியாளரும் அவரே. கிளி வாயைத் திறந்து அந்தச் சொல்லை ஏறக்குறையச் சொல்லிவிட்டால் தக்கை கிளிக்கு. அலெக்ஸ் அதை வாங்கிக் கடித்துக் குதறும். சொல்லுக்குப் பரிசு அந்தச் சொல் குறிக்கும் பொருள்தான்.

டோட்டின் கிளிகள் தங்களிடம் கேள்வி கேட்டவருக்கு மட்டுமே பதில் சொல்லின. பெப்பர்பெர்க் இதில் ஒன்றை மாற்றினார். கேட்பவரும் சொல்பவரும் அடிக்கடி இடம் மாறிக்கொண்டார்கள். கேட்பதும் சொல்வதும் யாருக்கும் நிரந்தரமான வேலை அல்ல என்பதை அலெக்ஸ் கண்ணால் பார்த்தது. பிறகு யார் கேட்டாலும் பதில் சொன்னது, தானும் கேட்டது.

பின்னாளில் வேறு இளம் சாம்பல் கிளிகளுக்கு இதே பாடங்களை ஒலிநாடாவிலும் வீடியோவிலும் போட்டுக் காட்டினார்கள். அவை அந்தச் சொற்களைப் பொருளோடு சேர்த்துக் கற்கவே இல்லை.

*

அலெக்ஸ் ஐம்பதுக்கு மேற்பட்ட பொருள்களின் பெயரையும், ஏழு நிறங்களையும், ஐந்து வடிவங்களையும் சொன்னது. இரண்டு பொருள்களைக் காட்டி எதில் வேறுபடுகின்றன என்று கேட்டால் நிறம், வடிவம், எதனால் செய்தது என்ற மூன்றில் ஒன்றைச் சொன்னது. வேறுபாடே இல்லாவிட்டால் ‘ஒன்றுமில்லை’ என்றது. சோதனைகளில் பத்துக்கு எட்டு முறை விடை சரி.

அந்த ‘ஒன்றுமில்லை’க்கு ஒரு பின்கதை உண்டு. ஒரு நாள் தட்டில் இரண்டு, மூன்று, ஆறு என்று நிறம் நிறமாகக் கட்டைகள். எந்த நிறத்தில் மூன்று என்று கேட்டால் அலெக்ஸ் ‘ஐந்து’ என்றது. திரும்பக் கேட்டாலும் ‘ஐந்து’. ஐந்து கட்டைகள் தட்டில் இல்லவே இல்லை. சலித்துப்போய், சரி, எந்த நிறத்தில் ஐந்து என்று கேட்டார்கள். அலெக்ஸ் சொன்னது: ‘ஒன்றுமில்லை.’ வேறுபாடு இல்லாததற்குக் கற்ற சொல்லை, எண்ணிக்கை இல்லாததற்கு அது தானாகவே எடுத்து வைத்துவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கவைத்ததும் அதுதான்.

1980 டிசம்பரில் ஒரு மாணவி அதைக் கழுவறைக்குத் தூக்கிப் போனார். அங்கிருந்த பெரிய கண்ணாடியைப் பார்த்து அலெக்ஸ் கேட்டது, இது என்ன என்று. பிறகு, என்ன நிறம் என்று. சாம்பல் நிறம், நீ ஒரு சாம்பல் கிளி என்றார் மாணவி. இன்னும் சில முறை கேட்டுக்கொண்டது. அந்த நிறத்தின் பெயரை அலெக்ஸ் அப்படித்தான் கற்றது.

நிம் என்ற சிம்பன்சிக்குச் சைகைமொழி பழக்கிய ஹெர்பர்ட் டெரஸ், அலெக்ஸ் செய்தது பழக்கப்பட்ட பதில்தான், மொழி அல்ல என்றார். தன் உழைப்பின் முடிவையே தயங்காமல் மறுத்துச் சொன்ன நேர்மையாளர் அவர். அந்த ஐயத்துக்கு மதிப்பு உண்டு. பெப்பர்பெர்க்கும் அலெக்ஸ் மொழி பேசியது என்று சொல்லாமல் மிகவும் கவனமாக இருந்தார். எனக்கு அந்த வழக்கில் தீர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு பறவை தன்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, விடையை வாங்கி வைத்துக்கொண்டது. அதுவே எனக்குப் பெரிது.

*

உதடுகள் இல்லாத உயிர் கிளி. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது அதன் குரல் உறுப்பு. தடித்த நாக்கைச் சற்றே அசைத்து அந்த ஒலிக்கு உருவம் கொடுக்கிறது. பாடக் கற்கும் பறவைகளின் மூளையில் அதற்கென்றே சில பகுதிகள் உண்டு. கிளிகளுக்கு அந்தப் பகுதிகளைச் சுற்றி இன்னோர் உறையும் இருப்பதை 2015இல் கண்டார்கள். கிளி இனத்தின் மிகப் பழைய கிளையில் நிற்கும் நியூசிலாந்தின் கேயாவிடமும் அந்த உறை இருக்கிறது. மனிதரோடு பேசுவதற்கு வந்த உறுப்பல்ல அது.

*

வேறு எதற்கு? வெனிசுவேலாவின் புல்வெளிகளில் ஒரு கைக்குள் அடங்கும் பச்சைக் கிளிகள் இருக்கின்றன. கார்ல் பெர்க் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் அவற்றின் கூடுகளுக்குள் கேமரா வைத்தார்கள்; சில கூடுகளின் முட்டைகளை ஒன்றுக்கொன்று மாற்றியும் வைத்தார்கள். 2011இல் வெளியான முடிவு இது: ஒவ்வொரு குஞ்சுக்கும் அதை அடையாளம் காட்டும் ஒரு தனி அழைப்பு உண்டு, அதற்கு வடிவம் கொடுப்பது வளர்க்கும் பெற்றோர். மாற்றி வைத்த முட்டையிலிருந்து வந்த குஞ்சின் அழைப்பு, பெற்றவர்களின் அழைப்பை ஒத்திருக்கவில்லை, வளர்த்தவர்களுடையதை ஒத்திருந்தது.

கோஸ்டாரிகாவில் மஞ்சள் பிடரி அமேசான் கிளிகளுக்கு வட்டாரவழக்கே இருக்கிறது. ஒரு பக்கத்துக் கூட்டம் ஒருவிதமாக அழைக்கும், அடுத்த பக்கத்துக் கூட்டம் வேறுவிதமாக. எல்லையில் உள்ள அடைவிடங்களில் இரண்டும் தெரிந்த கிளிகள் இருப்பதை டிமதி ரைட் 1996இல் எழுதினார்.

மாலையில் கோவில் கோபுரத்துக்குத் திரும்பும் நம் பச்சைக்கிளிகளின் இரைச்சலை இதற்குப் பிறகு வேறுவிதமாகக் கேட்கிறேன். இருட்டுவதற்கு முன் இடம் பிடிக்கும் சண்டை என்றுதான் நினைத்திருந்தேன். அதில் நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே என்ற விசாரிப்பும் இருக்கலாம்.

கூட்டத்தின் குரலைக் கற்றால்தான் கூட்டத்தில் ஒன்றாக இருக்க முடியும் என்று ஆகிவிட்ட உயிர் கிளி. மனிதர்கள் நடுவில் தனியாக வைத்தால், அங்கே யார் இருக்கிறார்களோ அவர்கள் குரலைக் கற்கிறது. அந்த இரவுப் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்த விளக்கம் இதுதான்.

*

இந்தக் குணத்தை வைத்தே அவற்றைப் பிடித்தார்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் சாம்பல் கிளி பிடிப்பவர்களின் வழி ஒன்று உண்டு. மரக்கிளைகளில் பசை பூசி, பிடிபட்ட ஒரு கிளியை அருகில் கட்டி வைப்பார்கள். அது கத்தும். மேலே பறக்கும் கூட்டம் அந்தக் குரலுக்கு இறங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். 1975 முதல் கணக்கில் வந்த ஏற்றுமதி மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டியது. வழியில் செத்தவை கணக்கில் இல்லை. கானாவில் 1992க்குப் பிறகு சாம்பல் கிளிகளின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. 2016இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில்தான் காட்டுச் சாம்பல் கிளிகளின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை வந்தது.

நம் ஊரிலும் 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் மரப்பொந்திலிருந்து குஞ்சு எடுப்பது நிற்கவில்லை. வாங்குபவர்கள் பெரும்பாலும் அன்பானவர்கள், அதுதான் துயரம். கொய்யாவும் மிளகாயும் தவறாமல் வைப்பார்கள், பேசச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அது பேசத் தொடங்கும்போது வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். கூண்டுக்குள் இருக்கும் கிளி தன் இனத்தின் பதில் குரலைக் கேட்காமலே ஆண்டுகளைக் கழிக்கும். இனி யாரும் வாங்கக்கூடாது என்பதே என் கட்சி. அலெக்ஸுக்காகக்கூட நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

*

1800இல் ஒரினோகோ ஆற்றின் அருவிகளருகே மைப்பூரேஸ் என்ற இடத்துக்குப் போன அலெக்சாண்டர் ஃபன் ஹம்போல்ட் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். அங்கே ஒரு கிழக்கிளி இருந்தது. அது பேசுவது எங்களுக்குப் புரியாது, ஏனென்றால் அது அத்தூரேஸ் மக்களின் மொழியில் பேசுகிறது என்று அவ்வூரார் சொன்னார்களாம். அந்த மக்கள் அழிந்துபோயிருந்தார்கள். இதைப் படிக்கும் பலர் அழிந்த மொழிக்காக வருந்துகிறார்கள். நானும் வருந்துகிறேன். கிளியையும் நினைக்கிறேன். ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவனாக இருக்கத் தேவையான எல்லாவற்றையும் அது கற்று வைத்திருந்தது.

*

சிட்னியின் பூங்காக்களில் காட்டுக் காக்கட்டூக்கள் மரத்திலிருந்து ஆங்கிலத்தில் ‘ஹலோ’ சொல்வதாக மக்கள் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். வீட்டுக் கூண்டிலிருந்து தப்பிய பறவைகள் காட்டுக் கூட்டத்தோடு சேர்ந்திருக்கின்றன, அவற்றிடமிருந்து மற்றவை கற்றிருக்கின்றன என்று அங்குள்ள இயற்கையியலாளர் விளக்கினார். தப்பி வந்த அந்நியப் பறவையைக் கூட்டம் சேர்த்துக்கொண்டதோடு நிற்கவில்லை, அது கொண்டுவந்த குரலையும் எடுத்துக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் பிறக்கும் குஞ்சுக்கு ‘ஹலோ’ மனிதர் சொல் என்று தெரிய வழியில்லை. தன் வீட்டார் பேசும் பேச்சென்று அதையும் கற்றுக்கொள்ளும்.