இயலாமையின் அளவுகோல்

இங்கிலாந்தில் 2013இல் நடைமுறைக்கு வந்த தனிநபர் சுயாதீனக் கொடுப்பனவு, இயலாமையைப் புள்ளிகளால் அளக்கிறது. 20 மீற்றருக்குமேல் நடக்க இயலாதவர்க்கு 12 புள்ளி. மறுக்கப்படின் முதலில் மீள்பரிசீலனை கோரவேண்டும், அதன்பின்னரே நியாயசபை.

மனைவிக்காக மேன்முறையீடு எழுதும் கணவனை எண்ணிப் பார்ப்போம். அவள் குறையைப் பிறரறியாது காப்பதையே அன்பெனக் கொண்டிருந்தவன், குளிப்பாட்டுவது முதலாக யாவற்றையும் அந்நியர்முன் பட்டியலிடுகிறான். இது காட்டிக்கொடுத்தலா? அன்று என்பதே எம் துணிபு. இன்று நடந்துவிட்டு நாளை படுக்கையிற் கிடப்பவர் நடக்கவல்லவர் அல்லர். பாதுகாப்பாகவும் மீண்டும் மீண்டும் செய்ய இயலவேண்டும் என்று அவ்விதிகளே கூறுகின்றன. மதிப்பீட்டாளர் காண்பதோ சிறிது நேரம். அந்த மறுநாளைக் காண்பவன் உடனுறைபவனே. ஆதலின் அவன் பேசத்தான் வேண்டும். ஆயினும் எழுதியதை அவளுக்கு வாசித்துக்காட்டுவானாக. அவள் நீக்கச் சொல்லும் வரியை, புள்ளி குறையினும், நீக்கியே அனுப்புதல் வேண்டும்.